அக்கா வீட்டு அடுப்பு அணைந்த கதை

எங்கள் தெருவில் அவருக்கு அணையாவிளக்கு என்று பெயர். நேரில் பேசும்போது அக்கா. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அணையாவிளக்கு. கேலியும் மரியாதையும் சரிபாதி கலந்த பெயர். விளக்குக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அணையாமல் இருந்தது அவர் வீட்டுக் கூடத்தில் இருந்த நிலக்கரி அடுப்பு.

இடுப்பு உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி. கரி போட மேலே கண்ணாடி பதித்த கதவு. சாம்பல் தட்டை இழுத்தெடுக்கக் கீழே ஒரு சின்னக் கதவு. நடுவில் நெருப்பைத் தாங்கும் கம்பித்தட்டு, அதை ஆட்டிச் சாம்பலை உதிர்ப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அடுப்பின் புகைக்குழாய், மாடியில் நான் குடியிருந்த அறையின் வழியாகத்தான் மேலே போகும். அதனால் இந்தக் கதையில் நான் வெறும் பார்வையாளர் இல்லை. ஈரக் காலுறைகளை அந்தக் குழாயில் உலர்த்திக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாலு குளிர்காலம் கணக்கு நோட்டுகள் திருத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். தெருவிலும் எனக்கு டீச்சர் என்றே பெயர்.

குளிர் தொடங்கும் வாரத்தில் அக்கா அடுப்பை மூட்டுவார். அதற்குப் பிறகு, மரங்கள் துளிர்விடும் வரை, ஐந்து மாதம் அது அணையக் கூடாது. காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை சாம்பலை உதிர்த்துக் கரி நிரப்ப வேண்டும். ஒரு தடவை தவறினாலும் போச்சு. இருபத்தாறு குளிர்காலங்களில் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்பது தெருவே ஒப்புக்கொண்ட சங்கதி. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அக்காவே எடுத்துச் சொல்லிவிடுவார்.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் அவருடைய நாத்தனார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அக்காவுக்கு இருபத்து நான்கு வயது. வெயில் காயும் ஊரில் வளர்ந்தவர். அதுவரை கரி என்று பார்த்ததெல்லாம் தேய்த்துக் கொடுப்பவரின் இஸ்திரிப் பெட்டியில்தான். அந்த முதல் குளிர்காலத்தில் நாத்தனார் குடும்பத்தோடு நாலு நாள் தங்க வந்தார். இரண்டாம் நாள் காலையில் அடுப்பு செத்துக் கிடந்தது. நாத்தனார் இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, "பரவாயில்ல விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் வந்திடுமா?" என்றார். திட்டியிருந்தால் அக்கா அன்றைக்கே மறந்திருப்பார். ஆறுதல் சொன்னதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்திலிருந்து கணக்குத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்த் திரும்ப முடியாத ஊர்களெல்லாம் அக்காவின் வரைபடத்திலிருந்து அழிந்துபோயின. சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக் காலை பஸ்ஸில் போய், சாப்பாட்டுப் பந்தியில் உட்காராமல் மத்தியான பஸ்ஸில் திரும்பினார். மகள் வெளியூரில் வேலைக்குப் போய் வீடு எடுத்து மூன்று வருஷமாயிற்று. அக்கா அந்த வீட்டைப் பார்த்ததில்லை. கோடையில் போகலாமே என்று நான் கேட்டேன். "கோடைல அவளே இங்க வந்திடறாளே," என்றார். அவரை யாரும் கட்டிப்போடவில்லை. கட்டிக்கொண்ட கயிற்றைத் தானே தினமும் இரண்டு தடவை இறுக்கிக்கொண்டார்.

அக்காவின் கணவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய், படிக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க உத்தியோகம். தெருவில் அவர் பெயர் தராசு. நான் தராசு சார் என்பேன்; நேரில் வெறும் சார். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். பால்காரர் அவரைப் பார்த்தால் சைக்கிளை வேறு சந்தில் திருப்புவார். அடுப்புக்கும் அவருக்கும் உள்ள உறவு என்னவென்றால், அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கால் நீட்டிப் பேப்பர் படிப்பார். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் அதன் கதவைத் தொட்டதில்லை.

அடுத்த வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், தையல்காரம்மா. கணவர் இறந்தபிறகு முன்னறையில் மெஷினைப் போட்டுத் தைத்துப் பிழைத்தவர். அவரிடமும் இதே மாதிரி அடுப்புதான். ஆனால் ராத்திரி அதை அணையவிட்டு, மூன்று மெத்தைப் போர்வைக்குள் புகுந்துகொள்வார். காலையில் புதிதாக மூட்டுவார். அக்காவுக்கு அது பொறுக்காது. "அதெல்லாம் ஒரு அடுப்பா? தினமும் பொறந்து தினமும் சாகுது," என்று மதில்சுவர் பக்கமாக, கேட்கும்படியே சொல்வார். தையல்காரம்மா வாயில் கடித்திருக்கும் ஊசியை எடுக்காமலே, "நானும் தினமும் படுத்து எந்திரிக்கிறவதானே அக்கா," என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

இப்படி இருக்கையில், குளிர் உச்சத்தில் இருந்த ஒரு திங்கட்கிழமை காலை, அடுப்பில் கரி போட்டு நிமிர்ந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பித்தப்பையில் கல். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, வாசற்படியில் இறக்கும்போது அக்கா கணவரின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"என்னங்க, சாயங்காலம் ஆறு மணிக்குக் கைப்பிடிய ஆட்டிச் சாம்பல உதுக்கணும். போதும்னு தோணும்போது நிறுத்திட்டு, கரி போடணும்."

"எத்தனை தடவை ஆட்டணும்?"

"போதும்னு தோணற வரைக்கும்."

"தோணறதுன்னா? எனக்கு எப்ப தோணும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு எண்ணிக்கை சொல்லு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ்காரர் இருவரும் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். "பன்னெண்டு," என்றார் அக்கா. தராசு சார் சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் வண்டியில் ஏறினார்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் மாடியில் இருந்தேன். கீழே கைப்பிடி ஆடும் சத்தம் கேட்டது. அக்கா ஆட்டினால் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி மெல்லிய சத்தம் வரும். இது ரயில் பெட்டி கோத்துவிடுகிற சத்தம். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். அரசாங்க முத்திரை குத்திப் பழகிய கை. ஒவ்வொரு ஆட்டுக்கும் என் அறையில் டம்ளர் நடுங்கியது. பன்னிரண்டு முடிந்தது. பிறகு கீழ்க்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அற்புதம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

சாம்பல் தட்டு நிறையச் செக்கச்செவேல் என்று கங்கு. நெருப்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். தட்டை இரும்பு வாளியில் கவிழ்த்து, வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். அதாவது, அடுப்பில் இருந்த நெருப்பு முழுவதையும் வெளியே தூக்கிக் கொட்டிவிட்டு, காலியான கம்பித்தட்டின்மேல் ஐந்து கிலோ கரியை, கூடவோ குறையவோ இல்லாமல், நிறுத்துப் போட்டார். கை கழுவிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். இரும்பில் மிச்சமிருந்த சூடு படுக்கப் போகும்வரை அவரை ஏமாற்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில் கண் விழித்து, வழக்கம்போலக் குழாயில் கை வைத்தேன். குழாய் சில்லென்று இருந்தது. கீழே இறங்கிப் போனால், தராசு சார் ஓவர்கோட்டும் மப்ளருமாக அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். அவர் வாயிலிருந்து ஆவி வந்தது. அடுப்பிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"டீச்சர், பன்னெண்டுதான் ஆட்டினேன். நீங்க வேணும்னா சாட்சி."

"கேட்டுச்சு சார்."

"ஐஞ்சு கிலோ. நிறுத்துதான் போட்டேன்."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அணைஞ்சுது?"

இருவரும் சேர்ந்து கரியின்மேல் பேப்பரைக் கசக்கிப் போட்டுப் பற்றவைத்தோம். பேப்பர் ஜோராக எரிந்து முடிந்தது. கரி அதை வேடிக்கை பார்த்தது. மறுபடி பேப்பர். மறுபடி வேடிக்கை. மூன்றாம் தடவை புகை குழாய் வழியாக மேலே போகாமல் கூடத்துக்குள் வந்தது. தராசு சார் மண்ணெண்ணெய் டின்னைத் தேடிக்கொண்டு போனார். நான் குறுக்கே நின்றேன்.

"வேண்டாம் சார். அடுப்போட சேர்ந்து நாமளும் போயிடுவோம்."

"அளந்துதான் ஊத்துவேன்."

"அளந்து ஊத்தினாலும் போயிடுவோம்."

எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவர் ஆபீசுக்குப் போகவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவசர விடுப்புக் கடிதம் எழுதி என்னிடம் கொடுத்து, போகிற வழியில் சேர்க்கச் சொன்னார். "வீட்டில் நிலைமை கவலைக்கிடமாக உள்ளது" என்று எழுதியிருந்தார். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆபீஸில் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, மத்தியானமே இரண்டு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு கூடைப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த அக்கா, தனக்கு ஏதோ பெரிய வியாதி, டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

நாலு மணிக்கு நான் திரும்பியபோது, கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்திருந்தது. தராசு சாரின் நோட்டில் முயற்சி ஒன்று முதல் ஒன்பது வரை நேரமும் எடையும் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தோல்வி" என்று இருந்தது.

"சார், தையல்காரம்மாவைக் கூப்பிடலாமே. அவங்க தினமும் மூட்டறவங்க."

"வேற வினையே வேண்டாம். இது அவ காதுக்குப் போச்சுன்னா..." என்று அவர் மென்று விழுங்கினார். அவ என்றது அக்காவை.

கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. பின்கதவைத் தட்டிவிட்டுத் தையல்காரம்மாவே வந்து நின்றார். கழுத்தில் அளவு டேப், ஒரு கையில் சுள்ளிக் கட்டு.

"அண்ணே, காலைல உங்க புகைபோக்கில புகையே இல்ல. அப்புறம் பாத்தா ஜன்னல் வழியா வருது. எத்தனை நேரந்தான் நான் பாக்காத மாதிரி தைக்கிறது?"

தராசு சார் எழுந்து நின்று நோட்டை நீட்டினார். தையல்காரம்மா அதை வாங்கவில்லை.

"இத்தனை வருஷமா உங்க வீட்டுல அணைஞ்சதே இல்ல. அப்புறம் மூட்டறதுக்கு யாருக்குத் தெரியும்? எங்களை மாதிரி அணைய விடறவங்களுக்குத்தான் அது தெரியும்," என்றார். முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

முதலில் உள்ளே இருந்த கரி முழுவதையும் வாரி எடுக்கச் சொன்னார். கம்பித்தட்டைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னார். கீழ்க்கதவை விரியத் திறந்துவைத்தார். "கரிக்கு மூச்சு கீழேருந்துதான். மேலேருந்து ஊதினா அது சட்டை பண்ணாது." கசக்கிய பேப்பர், அதன்மேல் சுள்ளி, சுள்ளி பிடித்ததும் கைத்தடி மொத்தத்துக்கு விறகுத் துண்டு. விறகு எரிந்து தணலாகும்வரை கரிப்பக்கம் போகவே கூடாது. தராசு சார் நோட்டைப் பிரித்து, "எத்தனை நிமிஷம்?" என்றார்.

"தணலாகற வரைக்கும்."

அவர் பேனாவை மூடினார். இருபது நிமிஷமோ அரைமணியோ நாங்கள் மூவரும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தையல்காரம்மா கையளவு கரியை, குழந்தைக்குச் சோறு வைக்கிற மாதிரி, தணலின்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தார். அது பிடித்துப் பொடிப்பொடியாக வெடிக்கும் சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம். மறுபடி காத்திருந்து, இன்னும் கொஞ்சம். கடைசியில் முழுவதும் நிரப்பும்போது ஒரு மூலையை மட்டும் மூடாமல் சிவப்பாக விட்டார்.

"இந்த மூலைய எப்பவும் மறைச்சிடாதீங்க அண்ணே. கரிக்குள்ளேருந்து வர்ற வாயு இதுல பட்டு அப்பப்ப எரிஞ்சிடும். மறைச்சிட்டீங்கன்னா உள்ளேயே சேந்துக்கிட்டு, கதவைத் திறந்ததும் முகத்துல அடிக்கும். குச்சிய விட்டுக் கிண்டாதீங்க, கிண்டினா செத்துப்போகும். ஆட்டும்போது சாம்பல் தட்டுல மொத செவப்பு விழுந்ததுமே கைய எடுத்திடுங்க. எண்ணாதீங்க."

சிறிது நேரத்தில் கரியின்மேல் சின்னச் சின்ன நீலச் சுவாலைகள் எழுந்து நின்று ஆடின. தையல்காரம்மா கீழ்க்கதவைச் சாத்தி, அதில் காற்று போவதற்கு இருந்த திருகை அரை வட்டம் மூடினார்.

"நீலம் டீச்சர்," என்றார் தராசு சார், மெதுவாக. "இத்தனை வருஷமா இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கேன். நான் இதைப் பாத்ததே இல்ல." பேப்பருக்குப் பின்னால் இருந்தால் எப்படித் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

தையல்காரம்மா கிளம்பும்போது தராசு சார் கையைக் கூப்பினார். "அம்மா, இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"நான் எதையும் யார்கிட்டயும் சொல்ற வழக்கம் இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு, சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்துவிட்டு, பின்கதவு வழியாகவே போனார்.

புதன்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. வியாழக்கிழமை மாலை நான் பார்க்கப் போனேன். வயிற்றில் கட்டு, கையில் குளுக்கோஸ் ஊசி. பெரிய வியாதி ஒன்றும் இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொல்லி நம்பவைத்திருந்தார். என்னைக் கண்டதும் அக்கா கேட்ட முதல் கேள்வி:

"அடுப்பு?"

"நல்லா எரியுது அக்கா."

"அணைஞ்சுதா?"

"இல்லையே."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை காலைல," என்றேன். எப்போது என்று கேட்டால் பதில் சொல்லிவிடும் பழக்கம், வாத்தியார் புத்தி. நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வெளியே வந்துவிட்டது.

அக்கா கோபப்படுவார், அழுவார் என்றுதான் பயந்தேன். அவர் கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"எத்தனை ஆட்டினாரு?"

"பன்னெண்டு."

"அட பாவமே. அது சும்மா வாய்க்கு வந்தது டீச்சர். எனக்கு உயிர் போகுது, மனுஷன் எண்ணிக்கை கேக்கறாரு. எதையாவது சொல்லித் தொலைச்சாத்தானே வண்டி கிளம்பும்." சிரிப்பு வலித்தது போலிருக்கிறது; சற்று நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு தடவை."

"என்ன நாலு தடவை?"

"என்கிட்டயே அணைஞ்சது. இந்த இருபத்தாறு வருஷத்துல. அவரு ஆபீஸ் போன பிறகு பாப்பேன், செத்துக் கிடக்கும். ஒரு தடவை கரி ஈரம். ஒரு தடவை நான் தூங்கிட்டேன். போன வருஷம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அன்னைக்கு ஒண்ணு. குழாய் சில்லுன்னு இருக்குன்னு இறங்கி வந்து சொன்னீங்க. காய்ச்சல்ல அப்படித்தான் தோணும்னு சொல்லிக் கஞ்சி குடுத்து அனுப்பிட்டேன்."

எனக்குக் கஞ்சி மட்டும் நினைவிருந்தது.

"அப்புறம் எப்படி மூட்டினீங்க?"

"எனக்கு எங்க மூட்ட வரும்? வருஷத்துல ஒரு நாள் மூட்டறவ. அன்னைக்கே மூணு தடவை தப்பு வரும். நாலு தடவையும் பின்கதவு வழியா அவ வீட்டுக்குத்தான் போனேன். தையல்காரி வீட்டுக்கு. வாளில கங்கு அள்ளிக் குடுத்தா." அக்காவின் குரல் இறங்கியது. "அவ அடுப்பை நான் என்னெல்லாம் பேசியிருக்கேன். அவ காதுல விழணும்னே பேசியிருக்கேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவ வெளிய விட்டிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். விடல டீச்சர். எனக்கு அதுதான் கோபம் அவ மேல."

நான் எழுந்தபோது, "அவருகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க," என்றார்.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்று தராசு சார் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தராசு சாரிடம் சொல்லக் கூடாது என்று அக்கா. தையல்காரம்மாவோ புருஷன் ரகசியத்தையும் பெண்டாட்டி ரகசியத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த இந்த மூவருக்கும் நடுவில், எல்லாம் தெரிந்தவளாக நான் ஒருத்தி மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தராசு சார் சிவப்பு மூலையை மறந்து மொத்தத்தையும் கரியால் மூடிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து எரிகிறதா என்று கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். பொப் என்று ஒரு சத்தம். இடது புருவத்தில் பாதி போய்விட்டது. மற்றபடி சேதமில்லை. அதன்பிறகு அவர் தவறு செய்யவில்லை. காலையும் மாலையும் கைப்பிடியைப் பிடிக்கும்போது உதடு அசைவதும் நின்றுவிட்டது. "செவப்பு விழுந்ததும் கை தானா நிக்குது டீச்சர். இதைத்தான் அவ தோணும்னு சொன்னா போல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார். சுவர் கழுவியிருந்தது. கண்ணாடிக் கதவு பளபளத்தது. அக்கா கட்டிலுக்குப் போகாமல் நேராக அடுப்பிடம் போய், குனிய முடியாததால் காலால் கீழ்க்கதவைத் தள்ளித் திறந்து சாம்பலைப் பார்த்தார். சாம்பல் மாவாக, வெண்மையாக, முழுக் கரி ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. அக்கா தராசு சாரின் முகத்தைப் பார்த்தார்.

"புருவம் என்னாச்சு?"

"ஷேவ் பண்ணும்போது கை தவறிடுச்சு."

"புருவத்தையா ஷேவ் பண்ணீங்க?"

"கன்னத்தைத்தான் பண்ணினேன். ரொம்பத் தவறிடுச்சு."

அக்கா காலாலேயே கீழ்க்கதவைச் சாத்தினார். நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க. நானே தோத்தேன்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அடுத்த வாரம் முழுக்க, பஸ் ஸ்டாப்பில், சலூனில், ரொட்டிக்கடை வாசலில் தராசு சார் பேசியதெல்லாம் அடுப்பு. "ஆறு நாள். ஒரு நிமிஷம்கூட அணையல. பொம்பளைங்க இதைப் பெரிய வித்தையா வச்சிருக்காங்க. ஒண்ணும் இல்ல, கரிக்கு மூச்சு கீழேருந்து." தையல்காரம்மா ரொட்டி வாங்க நிற்கும்போதே இதைச் சொன்னார். அந்த அம்மா சில்லறையை வாங்கிக்கொண்டு, "அப்படிங்களாண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பு தேறி அக்கா கைப்பிடியைப் பிடித்த முதல் நாள், தராசு சார் பின்னால் நின்று, "நீ ரொம்ப வேகமா ஆட்டறே," என்றார். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அக்கா கைப்பிடியை விட்டார்.

"அப்படியா? அப்ப நீங்களே பாத்துக்கங்களேன். உங்க கைக்குத்தான் அது நல்லா படியுது."

தராசு சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்றைக்கு அடுப்பு கை மாறியது. அக்காவுக்கு அது சுலபமாகவா இருந்தது என்று கேட்டால், இல்லை. ஆறு மணி அடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுவதையும், கூடத்தில் கைப்பிடி ஆடும் சத்தம் கேட்டு மறுபடி உட்காருவதையும் ஒரு மாதம்வரை பார்த்தேன். மனசு விட்டுக்கொடுத்தாலும் முழங்கால் விட்டுக்கொடுக்க நாள் பிடித்தது. தராசு சார் பாடுதான் திண்டாட்டமாயிற்று. பழைய சிநேகிதர் மகன் கல்யாணம், பக்கத்து ஊர் ஆபீஸ் கூட்டம், எதற்கும் போக முடியாது. ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அக்கா சுள்ளிகளைச் சாணளவுக்கு ஒடித்து, கட்டாகக் கட்டி, எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போனார். தெரு முழுக்கப் பார்த்தது. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா?" என்றார் தையல்காரம்மா.

"உனக்குத்தான் தினமும் மூட்டணுமே."

மன்னிப்பு என்று அங்கே நடந்தது இவ்வளவுதான். பிறகு அக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தார். மறுநாளும் போனார். குளிர் முடிவதற்குள் காஜா எடுக்கவும், துணி வெட்டவும் கற்றுக்கொண்டார். அடுத்த குளிர்காலத்தில், நடுக் குளிரில், மகள் வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் தங்கினார். மகளின் சமையலறையில் மின்சார அடுப்பு. சுவிட்சைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும். "ஆள் இல்லாத வீட்டுல பேசற ரேடியோ மாதிரி இருக்கு," என்று எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

திரும்பி வந்த பிறகு அக்காவும் தையல்காரம்மாவும் சேர்ந்து கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்து, இரண்டு மெஷின் போட்டார்கள். போர்டு எழுதிய மூன்றாம் வாரம், எடை அளவு ஆய்வாளர் வழக்கமான சோதனைக்கு அந்த வரிசைக் கடைகளுக்கு வந்தார். முறைப்படி இந்தக் கடைக்கும் வந்தார். பெட்டியிலிருந்து பித்தளை மீட்டர் கோலை எடுத்து, தையல்காரம்மா கழுத்திலிருந்த டேப்பை வாங்கி அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"மூணு மில்லிமீட்டர் நீண்டிருக்கு."

"துணி டேப்புண்ணே. இத்தனை வருஷம் இழுத்தா நீளாதா?"

அக்கா மெஷினை நிறுத்தினார். "ஆள் உடம்பையும் இதுலதான் அளக்கறோம், துணியையும் இதுலதான் அளக்கறோம். அப்ப எல்லாம் சரியாத்தானே வரும்?"

தராசு சார் யோசித்தார். நியாயம்தான் என்று அவருக்கே பட்டது, முகத்தில் தெரிந்தது. "சரியா வரலாம். ஆனா சட்டத்துல அதுக்கு இடமில்ல," என்று சொல்லி நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். கடை உரிமையாளர் என்ற இடத்தில் மனைவியின் பெயர், வீட்டு முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரி. அக்கா கையெழுத்துப் போட்டார்.

"ஒரு நகல் வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபால்ல வரும்," என்றார் தராசு சார்.

மூன்று நாள் கழித்து வந்தது. அக்கா கடையில் இருந்ததால், வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியது தராசு சார்தான். உள்ளே எழுதியிருப்பது ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் உறையைப் பிரிக்காமல், அக்கா வரும்வரை மேசைமேல் வைத்திருந்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர்.